ஞாயிற்றுக்கிழமை விமானம்

எம்.பி. அலுவலகத்தில் என் வேலை சாருடைய நாளைப் பங்கிடுவது. எந்தக் கல்யாணத்துக்கு எப்போது, எந்த மரண வீட்டுக்கு யாரோடு, நடுவில் சாப்பாடு எங்கே என்று நான்தான் பார்க்க வேண்டும். காலையில் பத்திரிகை வந்ததும் முதலில் மரண அறிவிப்புப் பக்கத்தைத்தான் திறப்பேன். வேதியியல் படித்துவிட்டு இந்த வேலையா என்று நான் தங்கியிருக்கும் ஹாஸ்டலில் கேட்பார்கள். சிரித்துவிட்டுப் பேசாமல் இருப்பேன். எனக்கு அதிகம் பேச வராது.

சார் என்றால் தங்கப்பன். மலையாளமும் தமிழும் கலந்துதான் பேசுவார். தோட்டத் தொழிலாளர் சங்கத்துக்கு வழக்கு நடத்திய வக்கீல். பஞ்சாயத்துத் தலைவரானார், சட்டசபைக்கு நின்று தோற்றார், பிறகு இரண்டு முறை மக்களவைக்கு ஜெயித்தார். மூன்றாம் முறை சீட்டு கிடைக்குமா என்பது அந்த டிசம்பரில் சந்தேகமாக இருந்தது. "அவர் டில்லிக்கு எம்.பி., நமக்கு இல்லை" என்று மாவட்டக் கமிட்டியில் யாரோ கேலி செய்ததாகக் கேள்விப்பட்டதிலிருந்து சார் ஒரு கல்யாணத்தையும் விடுவதில்லை.

நான் பொன்முடிப் பக்கத்துத் தேயிலை எஸ்டேட் ஒன்றில் பிறந்தவள். நிர்வாகம் கைவிட்டுப் போய் வருஷங்கள் ஆகின்றன. ஃபாக்டரி பூட்டிக் கிடக்கிறது. இருக்கிறவர்கள் தாங்களாகவே கொழுந்து பறித்து வெளியே விற்கிறார்கள். வீடுகளை லயம் என்போம். ஒரே கூரையின் கீழ் வரிசையாக வீடுகள், வீட்டுக்கு ஓர் அறையும் ஓர் அடுக்களையும். எங்கள் லயத்தின் பின்சுவர் மலையை ஒட்டி நிற்கிறது. மழைக்காலத்தில் தண்ணீர் சுவருக்குள்ளேயே ஊறி இறங்கும். அம்மா இன்னும் அங்கேதான் இருக்கிறாள். அடுத்த வீட்டில் ஆவுடைத்தாய் அத்தை, அவள் மகள் இசக்கிசெல்வி, இசக்கியின் சின்னப் பெண். இசக்கியின் புருஷன் கழக்கூட்டத்தில் கட்டட வேலை செய்கிறான், வாரக் கடைசியில்தான் வருவான். அந்தக் குழந்தைக்கும் அத்தைக்கும் ஒரே மாதிரி இளைப்பு.

அந்தச் சுவர்களைப் பற்றி நாடாளுமன்றத்தில் ஒரு கேள்வி கேட்க வேண்டும் என்று சாரிடம் கேட்டேன். வேலைக்குச் சேர்ந்து நானாக அவரிடம் கேட்ட முதல் விஷயம் அது. நிர்வாகமே இல்லாத தோட்டத்தில் தொழிலாளர் வீட்டைச் சரிசெய்வது யார் பொறுப்பு, அரசு என்ன செய்யப்போகிறது என்பதுதான் கேள்வி. நான் எழுதியதை சேஷன் சார் திருத்தி அனுப்பினார்.

சேஷன் சார் கோட்டைக்குள் அக்ரகாரத்தில் இருப்பவர். தலைமைச் செயலகத்தில் உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்று, இப்போது எங்கள் அலுவலகத்தில் கேள்விகளைக் கவனிக்கிறார். ஒரு வியாழக்கிழமை செருப்பைக்கூடக் கழற்றாமல் என் மேஜைக்கு வந்தார்.

"கொழந்தே, விழுந்துடுத்து!"

"என்ன சார்?"

"உன் கேள்வி. குலுக்கல்ல விழுந்துடுத்து. அதுவும் மூணாவது. மூணாவதுன்னா கட்டாயம் கூப்பிடுவா. பத்துக்கு மேலே போனா அதுக்குள்ள நேரம் முடிஞ்சுடும். அப்புறம் கோவிந்தா."

எம்.பி.க்கள் அனுப்பும் கேள்விகளைக் குலுக்கி ஒரு நாளைக்குச் சிலவற்றைத்தான் எடுப்பார்கள். திங்கட்கிழமை காலை பதினொரு மணிக்கு அமைச்சர் எழுந்து நின்று வாயால் பதில் சொல்ல வேண்டிய கேள்வி. சார் எழுந்து துணைக்கேள்வி கேட்கலாம். பத்து வருஷத்தில் இது இரண்டாவது தடவைதான் என்றார் சேஷன் சார்.

"சார் அங்க இல்லேன்னா?" என்று கேட்டேன்.

"பேரைக் கூப்பிடுவா. ஆள் இல்லேன்னா அடுத்ததுக்குப் போயிண்டே இருப்பா. பதில் காகிதமா மேஜையில கெடக்கும். காகிதத்தைப் பார்த்து யார் கேள்வி கேக்கறது? எழுந்து நின்னு கேட்டாத்தான் மந்திரி வாயிலேர்ந்து ஒரு வார்த்தை விழும். 'ஆவன செய்கிறோம்'னு ஒரே ஒரு வார்த்தை. அது போறும் நேக்கு. அதைப் பிடிச்சுண்டு, சொன்னதைச் செஞ்சாளான்னு பார்க்கற பார்லிமென்ட் கமிட்டி வரைக்கும் அவாளை இழுத்துடுவேன்." குரலைத் தாழ்த்தினார். "ஆனா ஒண்ணு. ஞாயித்துக்கிழமை சாயந்தர ப்ளைட்ல அனுப்பிச்சுடு. டிசம்பர்ல டில்லிக்குக் காலம்பற ப்ளைட்டை நம்பவே படாது. பனி மூடிண்டுதுன்னா ஜெய்ப்பூர்ல கொண்டுபோய் இறக்கிடுவான்."

நான் தலையாட்டினேன். ஞாயிறு மாலை டிக்கெட் எடுத்தேன். அன்றிரவு அம்மாவிடம் போனில், "திங்கட்கிழமை நம்ம லயத்தைப் பத்தி டில்லியில பேசப்போறாங்கம்மா" என்றேன். அம்மா அதை எல்லா வீட்டுக்கும் சொல்லிவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை நெடுமங்காட்டில் ஒரு கல்யாணம். சார் பந்தியில் உட்கார்ந்திருந்தார். நான் மண்டபத்துக்கு வெளியே டிரைவரோடு நின்றிருந்தபோது அம்மா கூப்பிட்டாள்.

"ஆவுடை அத்தை போயிட்டாட்டி. விடியக்காலம். இளைப்பு நிக்கவே இல்ல ராத்திரி பூரா... பெறவு மூச்சே நின்னுபோச்சு."

மேளச் சத்தம் கேட்காத பக்கமாக நகர்ந்தேன்.

"இசக்கி எடுக்கவிட மாட்டேங்கா. தங்கப்பன் சார் வந்து முகம் பாத்தாத்தான் எடுக்கணும்ங்கா. அவுக அம்மை சொல்லியிருந்தாளாம்."

சார் முதல் தேர்தலில் நின்றபோது அவருக்கு முன்னால் கொடி பிடித்துக்கொண்டு ஒவ்வொரு லயமாக ஏறி இறங்கியவள் ஆவுடை அத்தை. எம்.பி. ஆன பிறகும் அவரை 'எய்யா தங்கப்பா' என்றுதான் கூப்பிடுவாள்.

போனுக்குள் யாரோ சத்தமாகப் பேசினார்கள். எங்கள் லயத்துக் கடைசி வீட்டு ஆறுமுகசாமி மாமாவின் குரல். "எம்.பி. ஆபீஸ்ல இருக்கா, எம்.பி. ஆபீஸ்ல இருக்கான்னு பீத்திக்கிடுதியளே. அவ அங்க டீ ஊத்திக் குடுக்காளோ என்னமோ! அவ சொன்னா அவரு வருவாராக்கும்?"

இசக்கி போனை வாங்கினாள். அழுது குரல் கட்டியிருந்தது. "கலை, எங்க அம்மைக்கு வேற ஒண்ணும் கேக்கல. ஒரு நேரம் வந்து நிக்கச் சொல்லு. டில்லி நாளைக்குத்தானே?"

நாளைக்குத்தான். ஆனால் கிளம்ப வேண்டியது இன்றைக்கு. அதை நான் சொல்லவில்லை. "பாக்கேன் இசக்கி" என்றேன்.

சேஷன் சாரைக் கூப்பிட்டேன். எடுக்கவில்லை. மறுபடி கூப்பிட்டேன். அன்று அவர் அப்பாவின் திவசம் என்று பிறகுதான் நினைவு வந்தது. பிராமணர்கள் சாப்பிட்டு எழுந்திருக்கும் வரை போனைத் தொடமாட்டார்.

சார் கையைத் துடைத்தபடி வெளியே வந்தார். சொன்னேன். அவர் முகம் மாறியது. கொஞ்ச நேரம் கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"ஆவுடை அக்கனோ... கலை, மேல போயிட்டு வந்தா ப்ளைட் கிட்டுமோ?"

"கிட்டும் சார்" என்றேன். பிறகு, "கிட்டலேன்னாலும் காலையில ஒண்ணு இருக்கு சார்."

"காலத்து ப்ளைட் போதுமோ? சேஷன் சார் எந்தோ பறஞ்சாரே?"

இங்கேதான் நான் சொல்லியிருக்க வேண்டும். பனி, ஜெய்ப்பூர் எல்லாம் எனக்குத் தெரியும். சேஷன் சார் சொன்னது வார்த்தை வார்த்தையாக நினைவில் இருந்தது. ஆனால் டீ ஊத்திக் குடுக்காளோ என்பதும் காதில் இருந்தது.

"சபை பதினொரு மணிக்குத்தானே சார். அதுக்கு ரொம்ப முன்னாலயே இறங்கிடும்."

அவர் முகம் தெளிந்தது. "எங்கில் போகாம். அக்கனைப் பாக்காம இருக்கப் பற்றில்ல."

விதுரா தாண்டியதும் மழை பிடித்தது. கொண்டை ஊசி வளைவுகளில் டிரைவர் மகேஷ்குமார் முணுமுணுத்துக்கொண்டே வண்டியைத் திருப்பினான். கடைசித் தூரம் ரோடே இல்லை, கல்தான். சார் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கி நடந்தார்.

லயத்து முற்றத்தில் தார்ப்பாய் கட்டி அத்தையைக் கிடத்தியிருந்தார்கள். சார் தலையில் ஒன்றும் போடாமல் மழையில் நின்றார். அழுதார். அது நடிப்பு இல்லை, நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். கட்சிப் பையன் ஒருவன் போனில் படம் எடுத்தான்.

இசக்கி என் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. "வந்துட்டாருட்டி. நீ கூட்டியாந்துட்ட" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள்.

ஆறுமுகசாமி மாமா துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு எனக்கு நாற்காலி கொண்டுவந்து போட்டார். "உக்காரு தாயி. நான் சும்மா வெளயாட்டுக்குச் சொன்னேன். பெரிய ஆளாயிட்டியே நீ!"

நான் உட்காரவில்லை. ஆனால் எனக்கு அது பிடித்திருந்தது. எங்கள் லயத்தில் யாரும் என்னைப் பார்த்து அப்படிச் சொன்னதில்லை. படிக்கப் போனபோதும் இல்லை, வேலை கிடைத்தபோதும் இல்லை.

அத்தையை எடுத்த பிறகும் சாரை விடவில்லை. எங்க வீட்டுக்கு வாங்க, இந்தக் கூரையப் பாருங்க, ஒரு கட்டன் சாயா குடிச்சிட்டுப் போங்க. ஒரு வீட்டுக்குப் போனால் அடுத்த வீட்டுக்குப் போகாமல் இருக்க முடியாது. அவர் போனார். நான் வாசலில் நின்று போனில் மணி பார்த்தேன். "சார், நேரமாச்சு" என்று இரண்டு வார்த்தை சொல்ல வேண்டும். அவர் தலை என் பக்கம் திரும்பும்போது சொல்லலாம் என்று காத்திருந்தேன். திரும்பவில்லை. இவ்வளவு பேர் முன்னால் சத்தம் போட்டுக் கூப்பிட எனக்கு வாய் வரவில்லை.

இறங்கும்போது மலையைப் பனிமஞ்சு மூடியிருந்தது. ஒரு வளைவில் மேலே ஏறும் பஸ்ஸுக்கு வழிவிட வண்டியைப் பின்னால் எடுக்க வேண்டியிருந்தது. நெடுமங்காடு வரும்போதே விமானம் கிடைக்காது என்று தெரிந்துவிட்டது. சார் இருட்டிய கண்ணாடி வழியே வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சாரமில்ல கலை, விடு. காலத்து ஒண்ணு உண்டல்லோ."

திங்கட்கிழமை அலுவலகத்தில் சேஷன் சார் டி.வி.யைப் போட்டுவிட்டு முன்னால் உட்கார்ந்திருந்தார். விஷயம் தெரிந்திருந்தது. ஒன்றும் கேட்கவில்லை. விமானம் டில்லிக்கு மேலே வட்டம் அடித்துக்கொண்டிருக்கிறது என்று போனில் பார்த்தேன். பிறகு சாரிடமிருந்து ஒரே ஒரு வார்த்தை வந்தது. ஜெய்ப்பூர்.

முதல் கேள்வி நீண்டுகொண்டே போனது. யாரோ துணைக்கேள்வி மேல் துணைக்கேள்வியாகக் கேட்டார்கள். அவர்கள் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பேசட்டும் என்று நினைத்தேன். இரண்டாவது முடிந்தது. அவைத் தலைவர் எண்ணைச் சொன்னார். சாருடைய பேரைச் சொன்னார். கேமரா அவர் இடத்தைக் காட்டியது. மேஜை, மைக், காலி இருக்கை. அமைச்சர் கோப்போடு பாதி எழுந்திருந்தவர் உட்கார்ந்தார். தலைவர் அடுத்த பேரைக் கூப்பிட்டார்.

அவ்வளவுதான். ஒரு மூச்சு விடும் நேரம்கூட இல்லை.

சேஷன் சார் ஒலியைக் குறைத்தார். "என் மேலதான் தப்பு" என்றார். "திவசம்னு போனை உள்ளே வெச்சுட்டேன். ரெண்டு தடவை கூப்பிட்டிருக்கே நீ. நான் எடுத்திருந்தா மனுஷரைப் பிடிச்சு நிறுத்தியிருப்பேன். சாவு வீடுன்னா அவருக்குக் கண்ணு தெரியாது. நீ சின்னப் பொண்ணு, என்ன பண்ணுவே."

சார் பிடிவாதம் பிடித்துப் போனார் என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார். இல்லை சார், அவர் கேட்டார், நான்தான் போகலாம் என்றேன் என்று சொல்ல வேண்டும். டி.வி.யில் யாரோ ரயில்வேயைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மாலையில் பதில் வந்தது. வீடுகளைப் பராமரிப்பது தோட்ட நிர்வாகத்தின் பொறுப்பு, மற்றத் தகவல்கள் சேகரிக்கப்பட்டு வருகின்றன. எந்த நிர்வாகம் என்று கேட்க அங்கே யாரும் இருக்கவில்லை.

மழையில் சார் நிற்கும் படம் அதற்குள் எல்லார் போனுக்கும் போயிருந்தது. கல்யாண வீடுகளில் அதைப் பற்றித்தான் பேசினார்கள். வெள்ளிக்கிழமை சார் திரும்பி வந்தபோது வாசலில் ஆட்கள் காத்திருந்தார்கள். சீட்டு அவருக்குத்தான் என்று மாவட்டக் கமிட்டியில் முடிவாகிவிட்ட மாதிரி பேச்சு. உள்ளே வந்ததும் என் மேஜை அருகே நின்றார்.

"நீ அந்நு போகாம்னு பறஞ்சது நன்னாயி."

"சார், கேள்வி..."

"விஷமம் எனக்கும் உண்டு, மனசுக்குக் கஷ்டம்தான். பக்ஷே ஒண்ணு கேளு. இத்தனை வருஷமா நான் டில்லியில எத்தனையோ கேட்டிருக்கேன். அதைப் பத்தி இந்த ஊர்ல ஒருத்தன் சோதிச்சிட்டில்ல, கேட்டதில்ல. மரிப்புக்கு வந்தோ, கல்யாணத்துக்கு வந்தோ, அது மாத்திரம்தான் சோதிப்பாங்க." சிரித்தார். ஆனால் என்னைப் பார்த்துச் சிரிக்கவில்லை. "அடுத்த தடவை நோக்காம்."

அவர் என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவருக்குச் சீட்டு கிடைக்க நான் உதவியிருக்கிறேன் என்பதுதான் அவர் சொன்னதன் அர்த்தம்.

பதினாறாம் நாள் காரியத்துக்கு அம்மா வரச் சொன்னாள். தம்பானூர் ஸ்டாண்டிலிருந்து முதல் பஸ் பிடித்தேன். வழியெல்லாம் இசக்கியிடம் எப்படித் தொடங்குவது என்று யோசித்தேன். அத்தைக்காகத்தான் சார் வந்தார், வந்ததால் போக முடியவில்லை என்று சொன்னால் அது இசக்கியின் தலையில் போய் விழும். சொல்லாவிட்டால் என்னிடமே இருக்கும். என்னிடமே இருக்கட்டும் என்று விதுராவில் முடிவு செய்தேன். மேலே போய் இறங்கும்போது அந்த முடிவு சரிதானா என்று தெரியவில்லை.

சாப்பாடு முடிந்து எல்லாரும் போன பிறகு இசக்கி என்னை உள்ளே கூப்பிட்டாள். அம்மாவும் வந்தாள். மழை விட்டிருந்தாலும் பின்சுவர் கருப்பாக, ஈரமாக இருந்தது. அத்தை படுத்த கட்டில் அதை ஒட்டிக் கிடந்தது. அதில் இப்போது குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. அதன் மூச்சு விசில் மாதிரி கேட்டது.

"சார் நல்லா இருக்காரா?" என்றாள் இசக்கி.

"இருக்காரு."

"அந்தத் திங்கக்கிழம டில்லியில என்ன சொன்னாவ? ஒங்க அம்மைக்கு ஒண்ணும் சொல்லத் தெரியல. நாங்க டி.வி. பாக்கலாம்னு நெனச்சோம், கரண்ட் இல்ல."

"பதில் வந்துச்சு. புதுசா ஒண்ணும் இல்ல."

"அவரு எந்திரிச்சுக் கேட்டாரா?"

கேட்டார் என்று சொல்லியிருந்தால் அத்தோடு முடிந்திருக்கும். வாயைத் திறந்தேன்.

"இல்ல. அவரு அங்க போய்ச் சேரல. ஞாயித்துக்கிழம சாயங்காலமே கெளம்பியிருக்கணும்."

இசக்கி என்னைப் பார்த்தாள். அவள் கணக்குப் போடுவது தெரிந்தது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவர் இந்த முற்றத்தில் சாயா குடித்துக்கொண்டிருந்தார்.

"அப்போ... நாந்தானே எடுக்கக்கூடாதுன்னு சொன்னேன்."

"நீ இல்ல இசக்கி. அவரு எங்கிட்டத்தான் கேட்டாரு. நாந்தான் காலையில போகலாம்னு சொன்னேன்."

"காலையில போயிருக்கலாமா?"

"முடியாதுன்னு எனக்குத் தெரியும். பனி விழும்னு சொல்லியிருந்தாங்க."

அம்மா அவசரமாகச் சொன்னாள். "அவ என்னட்டி பண்ணுவா? நாமதானே கூப்புட்டோம். செத்த வீட்டுல எதுக்கு இந்தப் பேச்சு?"

"நீங்க சும்மா இருங்க அத்த." இசக்கியின் குரல் உயரவில்லை. "நான் எங்க அம்மையப் போட்டு அழுதுட்டு இருந்தேன். எனக்கு ப்ளைட்டு தெரியுமா, பனி தெரியுமா? நீ அங்கயே இருக்கவ. ஒனக்குத் தெரியும்லா. 'முடியாது இசக்கி, அவருக்கு அங்க ஜோலி இருக்கு, நம்ம வீட்டு ஜோலிதான்'னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா நான் எடுத்திருப்பேன்லா. நான் என்ன கிறுக்கியா?"

"சொல்லியிருக்கணும்" என்றேன்.

"ஏன் சொல்லல?"

ஆறுமுகசாமி மாமாவைப் பற்றிச் சொல்ல முடியவில்லை. நாற்காலியைப் பற்றியும் சொல்ல முடியவில்லை. "நான் கூட்டிட்டு வந்தேன்னு இருக்கணும்னு தோணிச்சு" என்றேன். என் குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை. அவளுக்குக் கேட்டது.

அவள் கட்டிலின் பக்கம் திரும்பினாள். குழந்தை புரண்டு படுத்து இருமியது.

"இனி எப்பக் கேப்பாரு?"

"அடுத்த தடவ சபை கூடும்போது. எழுதிப் போடுவோம். குலுக்கல்ல விழணும்."

"விழலேன்னா?"

"அதுக்கு அடுத்த தடவ."

"அதுக்குள்ள வைகாசி வந்து இடவப்பாதி மழ பிடிச்சுரும்" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. பஸ் வராது என்று சொல்வதுபோலச் சொன்னாள்.

எழுந்து கட்டிலின் தலைமாட்டைப் பிடித்தாள். குழந்தையைச் சுவரிலிருந்து தள்ளிப் படுக்கவைக்கப் போகிறாள் என்று தெரிந்து நான் கால்மாட்டைப் பிடித்தேன். அம்மா குழந்தையைத் தூக்கிக்கொண்டாள். நடு அறைக்கு இழுத்தோம், அடுக்களைக்குப் போக வழியில்லை. முன்சுவருக்குத் திருப்பினோம், வாசல் கதவு திறக்கவில்லை. குறுக்கே போட்டுப் பார்த்தோம், தலைமாடு மறுபடி அந்த ஈரத்திலேயே போய் முட்டியது.

"விடு" என்றாள் இசக்கி. "பழைய எடத்துலயே போடு."

போட்டோம். அம்மா குழந்தையைக் கிடத்தினாள். இசக்கி ஒரு பழைய சாக்கை மடித்துச் சுவருக்கும் குழந்தைக்கும் நடுவில் செருகினாள். நான் அதைச் சரிசெய்யக் கை நீட்டினேன். அவள் என் கையைத் தள்ளவில்லை, ஆனால் நான் தொடுவதற்குள் அவளே சரிசெய்துவிட்டாள்.